ஆளில்லாத நாற்பது கட்டங்கள்

நான் ஓய்வு பெறப்போவதை முதலில் சொன்னது பக்கத்து மேசைக்காரரிடம்தான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையால் செய்ததையெல்லாம் விற்கும் சந்தை நடக்கும். அவர் சோப்பு விற்பவர். ஒன்பது வருடமாக அவருடைய பாண்டான் இலை சோப்பும் என்னுடைய காமிக்ஸும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தன. என் புத்தகங்களில் இன்னும் அந்த வாசனை போகவில்லை. இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், ஓய்வு பெறுகிறேன் என்றேன். அவர் என்னை ஒருமுறை, என் மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எதுலேருந்து அக்கா?" என்று கேட்டார்.

கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். இருபத்தாறு வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, அது என்ன வேலை என்று பக்கத்து மேசைக்குக்கூடப் புரியவைக்க முடியாதவள் நான். அப்படிப்பட்டவளிடம் வந்து, புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்கிறீர்கள். இளம் காமிக்ஸ்காரர்கள் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போடும் புத்தகத்தில் முன்பக்கங்கள் சில காலியாகக் கிடக்கின்றன என்ற உண்மையையும் மறைக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மைக்காகவே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தப் புத்தகத்தைத் தெரியாமல் கையில் எடுத்துவிட்ட யாராவது ஒருவருக்காக முதலில் ஒரு விளக்கம். நாங்கள் வரைவது காமிக்ஸ்தான். கட்டம் உண்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டம் உண்டு, பக்கத்தைப் புரட்டவும் வேண்டும். ஆள் மட்டும் கிடையாது. பேச்சு கிடையாது, கதை கிடையாது. ஒரு கட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அடுத்த கட்டத்தில் அது கொஞ்சம் வளைந்திருக்கும். மூன்றாவதில் அதை இன்னொரு நிறம் வந்து முட்டும். அவ்வளவுதான். இதைப் பார்த்து மனசு லேசாக அசைந்தால் நாங்கள் ஜெயித்தோம். "ஆளே இல்லையே, இது எப்படி காமிக்ஸ்?" என்று கேட்டுவிட்டு சோப்பு வாங்கப் போனால், அன்றைக்கு வழக்கமான ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. மேசை போட்டு உட்கார்ந்து செய்வதுதான் வேலை என்பது வீட்டு நம்பிக்கை. நானும் மேசையில் உட்கார்ந்துதான் வரைந்தேன். அதனால் நான் என்ன செய்கிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம் வரவே பல வருடம் ஆயிற்று.

சோறு போட்ட வேலை வேறு. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை. கெலுகோரிலிருந்து பாலம் தாண்டி கம்பெனி பஸ்ஸில் போவேன். எந்தத் திருகு எந்தத் துளையில் போகவேண்டும் என்று படம் போட்டுக் காட்டும் தாள்களை வரைவது என் பொறுப்பு. வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் ஐந்தாறு பாஷைக்காரர்கள், ஆகையால் தாளில் ஒரு வார்த்தைகூட இருக்கக்கூடாது. நான் அழகாக ஒரு கையை வரைந்தேன். விரல், நகம், மணிக்கட்டில் ஒரு மெல்லிய வளையல் வரைக்கும். நான் இடதுகைக்காரி. என் கை திருகைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து வரைந்தேன், இடது கையாக வந்துவிட்டது. அரைநாள் முழுக்க அந்த வரிசையே இடது கையால் பூட்டப் பார்த்து, பெட்டி பெட்டியாகச் சாமான்களைக் கழிக்கவேண்டியதாகிவிட்டது.

மேலாளர் கத்திக்கொண்டு வந்தபோது குறுக்கே வந்து நின்றவர் அந்த வரிசையின் லைன் லீடர். என்னைவிட ஆறு வயது சின்னவர். தப்பு தன்னுடையது, தாளைச் சரிபார்க்காமல் ஒட்டியது தான்தான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "கையை எடுத்துருங்கக்கா. சாமான் எங்கேருந்து எங்க போகுதுன்னு மட்டும் காட்டுங்க. கை அவங்ககிட்ட இருக்குலா."

நான் படித்த ஓவியக் கல்லூரி அந்த ஒரு வாக்கியம்தான். கை பார்க்கிறவரிடம் இருக்கிறது, முகமும் அவரிடம் இருக்கிறது, நாம் கொடுக்கவேண்டியது இங்கிருந்து அங்கே போகும் அசைவு மட்டும். அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டேன். என் முதல் காமிக்ஸ் அது. லைன் லீடரிடம் காட்டினேன். எந்தத் திருகு என்று கேட்டார்.

அடுத்தது நான் செய்த பாவம். சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது.

சந்தையில் ஒரு நாள் ஓர் அம்மாள் என் புத்தகத்தை ரொம்ப நேரம் புரட்டினார். காலையிலிருந்து யாரும் என் மேசைப் பக்கம் வரவில்லை. இது எதைப் பற்றி என்று கேட்டார். எதைப் பற்றியும் இல்லை என்று சொல்வதுதான் என் வழக்கம். அன்றைக்கு அலுத்துப் போய், "என் விவாகரத்தான வருஷத்தைப் பத்தி" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. வாங்கினார். போய் நான்கு பேரிடம் சொன்னார். அன்று கொண்டுபோன பதினொரு பிரதிகளும் போயின. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அடுத்த மாதம் அதே அம்மாள் வந்தார். எட்டாம் பக்கத்தைத் திறந்து, இந்தச் சிவப்பு இரண்டாகப் பிரிகிற இடத்தில் என்னால் தாங்கமுடியவில்லை என்று சொல்லி, தன் வீட்டில் நடந்ததையெல்லாம் கொட்டினார். அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் பக்கத்தில் இருந்தது எங்கள் ப்ளாட்டின் கூரையில் மழைத் தண்ணீர் ஒழுகி ஏற்பட்ட கறை. வெட்கமாக இருந்தது. இனி என் படத்துக்கு அர்த்தம் சொல்லவே மாட்டேன் என்று அன்று சத்தியம் செய்தேன். ஒரு அர்த்தத்தைச் சொல்லிவிட்டால் பார்க்கிறவருக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் தெரியாது. இது எவ்வளவு பெரிய பலம் என்பதும் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, கெட்டகாலம்.

இப்போது ஜமால் தம்பி. அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு நாசி கண்டார் கடை இருந்தது. சோறு வைத்து, நாலைந்து வகைக் குழம்பை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றித் தரும் கடைகள். பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஜமால் தனியாக இரண்டு தெரு தள்ளி ஒரு புதுக் கிளை திறக்க முனைந்தார். கடையின் பெயர் அண்ணனுடையது. எல்லோரும் பெரிய நானா என்று கூப்பிடும் அந்த மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பார்த்து, சரி என்றால்தான் பெயர்ப்பலகையை மூடிய தாளைக் கிழிக்கலாம். இல்லையென்றால் கிளை இல்லை. ஜமாலின் இத்தனை வருட ஆசை அந்த ஒரு தலையாட்டலில் நின்றது.

சிக்கல் என்னவென்றால், தெருவெல்லாம் சுவரோவியம் இருக்க, அதைத் தேடித்தான் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். ஜமாலுக்கும் தன் நீளச் சுவரில் ஒன்று வேண்டும். பெரிய நானாவோ, உயிருள்ள எதன் உருவமும் கடைச் சுவரில் இருக்கக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். ஜமால் பார்த்த ஓவியர்கள் எல்லாரும் தேத்தண்ணி ஆற்றுகிறவரையோ பூனையையோதான் வரைகிறேன் என்றார்களாம். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டு வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, உங்க காமிக்ஸ்ல ஆளே இருக்காதுன்னு சொன்னாங்க. நெசமாவா?" என்று கேட்டார்.

இருபத்துநான்கு வருடம் புகாராகக் கேட்ட வாக்கியம். முதல்முறையாக அது ஒரு தகுதியாக என் வாசலில் வந்து நின்றது. உள்ளே வாங்க தம்பி என்றேன்.

நாற்பது கட்டங்கள், நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. என்ன வரைவது என்று யோசிக்க, பழைய கடையில் போய் உட்கார்ந்தேன். அங்கே குழம்பு ஊற்றுகிறவர் ஒருவர் உண்டு. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் கரண்டி கையில் இருப்பவரை இங்கே நாம் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு எது என்று அவர் கேட்கவே மாட்டார். முகத்தைப் பார்ப்பார், கரண்டி தானாகப் போகும். வெள்ளைச் சோற்றில் ஓரத்திலிருந்து பழுப்பு இறங்கும். மஞ்சள் அதைத் தொடும், தொட்ட இடத்தில் எண்ணெய் ஒரு கோடு போடும். "பஞ்சிர்" என்று யாராவது சொன்னால், வெள்ளமாக விடு என்று அர்த்தம், எல்லா எல்லைகளும் உடைந்து ஒரு புது நிறம் வரும். நான் வருடக்கணக்காக வரைய முயன்றதை அந்த மனிதர் மத்தியான வேளையில் நிமிடத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டிருந்தார்.

அதையே வரைந்தேன். முதல் கட்டம் வெறும் வெள்ளை. நாற்பதாம் கட்டம் எந்தக் குழம்பின் நிறமும் இல்லாத ஒரு நிறம். யாரிடமும் சொல்லவில்லை, சத்தியம் செய்தவள் அல்லவா.

சொல்லாமலே ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. புதுக் கடையின் அடுப்படியை ஒழுங்குபடுத்த மத்தியானக் கூட்டம் முடிந்து குழம்பு அண்ணன் தினம் வருவார். ஐந்தாறு கட்டம் முடிந்திருந்தபோது சுவருக்கு முன்னால் நின்று, "கோழிக் குவா முதல்ல எறங்குது" என்றார். குழம்பை இங்கே குவா என்போம். கேள்வி இல்லை. பேருந்து நம்பரைப் படிப்பதுபோல் சாதாரணமாகப் படித்தார். அடுத்த கட்டத்துக்குப் போய், "இது கறி" என்றார். பிறகு டால்ச்சா, பருப்புக் குழம்பு. ஏணியின்மேல் உட்கார்ந்திருந்த நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில், யாரும் எதுவும் சொல்லித்தராமல் என் காமிக்ஸை ஒரு மனிதர் இடமிருந்து வலமாக வாசித்தார். சந்தோஷத்தில் எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்து புதுக் கட்டங்களை வாசிப்பார். ஒரே ஒரு நாள், கீழ் வரிசையின் முதல் கட்டத்துக்கு முன்னால், அதாவது முப்பத்தொன்றாவது கட்டம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்று ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டு, இன்னும் முடியவில்லை அண்ணே, முடிந்ததும் பாருங்கள் என்றேன். சரிக்கா என்று போய்விட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை. மறுநாள் பெரிய நானா வரவேண்டும். ரொட்டி போடுகிறவர் மாவுப் பாத்திரத்தோடு சுவரைக் கடந்தவர் நின்றார், இரண்டடி பின்னால் வந்தார், சிரிக்க ஆரம்பித்தார். "டேய், இங்க பாருங்கடா. இது நம்ம பெரிய நானாலா."

இருபத்துமூன்றாவது கட்டம். பழுப்பு நிறம் வலப்பக்கம் ஒரு மூக்காக நீண்டு வளைந்திருந்தது. அதன் கீழே கறிக் குழம்பு இரண்டு மடிப்பாகத் தேங்கியிருந்தது, பெரிய நானாவின் தாடைக்குக் கீழே இருப்பதுபோலவே. குழம்பு படாத சோறு மேலே வெள்ளையாக, தொப்பியாக. நான் சத்தியமாக அதை வரையவில்லை. ஆனால் பார்த்த பிறகு எனக்கும் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இருபத்துநான்கு வருடமாக ஒரு முகமும் வராத என் கட்டங்களில் முதல் முகம் வந்துவிட்டது, அதுவும் முகமே வரக்கூடாத ஒரே சுவரில்.

ஜமால் ஓடிவந்து பார்த்தார். தலையில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திருத்தினேன். தொப்பியில் பழுப்பு அடித்தேன்; தொப்பியைக் கழற்றி வைத்த பெரிய நானா வந்தார். மூக்கைத் தட்டையாக்கினேன், கோபித்துக்கொண்ட பெரிய நானா வந்தார். அடுத்த கட்டத்தோடு சேர்த்து மாற்றிப் பார்த்தால் அவர் லேசாகத் திரும்பி நம்மைப் பார்ப்பதுபோல இருந்தது. பயந்துபோய் பழையபடியே வரைந்துவிட்டேன். அந்த இடத்தில் ஏர்கான் மாட்டிவிடலாமா என்று ஜமால் கேட்டார். நெஞ்சுயரத்தில் யாரும் ஏர்கான் மாட்டுவதில்லை தம்பி என்றேன். சுவரையே வெள்ளையடித்துவிடலாம் என்று அடுத்து அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் நான் பேசிவிட்டேன்.

யோசனை என்னுடையது. இதில் யாரையும் கூட்டுச் சேர்க்க முடியாது. பெரிய நானா கண்ணைத் தூக்குவதற்கு முன்னால் அவர் காதில் ஒரு கதையைப் போட்டுவிட்டால், அவர் கண்ணுக்குக் கதைதான் தெரியும், முகம் தெரியாது. பதினொரு பிரதி விற்ற அனுபவம் பேசியது. ஜமாலிடம் அவருடைய தாத்தா எப்படி இங்கே வந்தார் என்று கேட்டேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், இங்கே இறங்கினார், தோளில் கம்பு போட்டு இருபக்கமும் கூடையில் சோறும் குழம்பும் சுமந்து விற்றார். போதும் என்றேன். முதல் கட்டத்து வெள்ளை நாகப்பட்டினத்து மணல். பழுப்பு கப்பல். எண்ணெய்க் கோடுகள் அலை. இருபத்துமூன்று, கடலிலிருந்து பார்க்கும்போது தெரியும் பினாங்கு மலை. மேலே வெள்ளை மேகம். முப்பத்தொன்று, கரையில் கால் வைத்த இடம். சத்தியத்தை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். என் சுவர் எனக்கு வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் படம் மேசைக்கடியில் அட்டைப்பெட்டியில் இல்லாமல், தினமும் மனிதர்கள் சாப்பிடும் இடத்தில் நிற்கப்போகிறது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய நானா வந்தார். வெள்ளைத் தொப்பி, அதே மூக்கு. நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். நன்றாகவே சொன்னேன். கப்பலில் அவருடைய தாத்தாவை நானே வழியனுப்பி வைத்ததுபோலச் சொன்னேன். அவர் ஒவ்வொரு கட்டமாக நடந்தார். இருபத்துமூன்றாவதில் நின்றார். மலை, மேகம் என்றேன். ம் என்றார்.

அப்போதுதான் குழம்பு அண்ணன் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். தினமும் வாசித்ததை முதலாளிக்கும் காட்டவேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. "மலை இல்ல நானா. இது நம்ம குவா. அக்கா அங்க உக்காந்து பாத்துத்தான் வரஞ்சாங்க. முதல்ல கோழி, அப்புறம் கறி. பாருங்க, அப்படியே நான் ஊத்தற மாதிரியே இருக்கும்."

பெரிய நானா என்னைப் பார்த்தார். "அப்படியா தங்கச்சி?"

ஒரு நொடிதான். மலை குழம்பாகிவிட்டால் அடுத்து அது எதுவாக வேண்டுமானாலும் ஆகும். அவர் மூக்கும் ஆகும். ஜமாலின் கண் என்மேல் இருந்தது. "இல்ல நானா, அண்ணன் வெளையாட்டுக்குச் சொல்றாரு. இது கப்பல் கதைதான்" என்றேன்.

குழம்பு அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைக்கிற ஒருவரின் பார்வை அது. கரண்டியைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரிய நானா தலையாட்டினார். பலகையின் தாளைக் கிழித்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம், எனக்கு இறங்கவில்லை.

என் மற்ற தப்புகளையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லமுடிகிறது. இதை முடியவில்லை. என்னை வாசித்த ஒரே மனிதரை, அவர் சரியாக வாசித்த குற்றத்துக்காக, எல்லோர் முன்னாலும் பொய்யராக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் புகழ். சுவரோரம் மூன்று பாஷையில் ஒரு அட்டை வைத்தார்கள், ஒரு குடும்பத்தின் கடல் பயணம் என்று. சுற்றுலாக்காரர்கள் முப்பத்தொன்றாவது கட்டத்துக்கு முன்னால் நின்று, கரையில் கால் வைப்பதுபோல ஒரு காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலேறி வந்தவர்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை இரண்டு இடங்களுக்கு அழைத்தார்கள். போனேன், பேசினேன், பொன்னாடையும் போட்டார்கள். என் காமிக்ஸில் ஆள் இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. தாத்தாவே இருக்கிறாரே.

புதுக் கடைக்குச் சாப்பிடப் போவேன். குழம்பு அண்ணனும் அங்கேயே மாறி வந்துவிட்டார். குழம்பு அண்ணன் மரியாதையாக, "என்ன குவா போடணும் அக்கா?" என்று கேட்பார். முன்பெல்லாம் அவர் என்னைக் கேட்டதே இல்லை. கேட்டதும், நானும் கடைக்குப் புதிதாக வந்தவள்போல ஒவ்வொன்றாக விரலால் காட்டி வாங்குவேன். ஒன்றரை வருடத்துக்குமேல் இப்படியே போயிற்று.

சந்தை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய நானா என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "அந்த மலை இருக்கே தங்கச்சி, அது நான்தானே?"

எனக்குக் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டதாம். அறுபது வருடத்துக்கு மேலாகக் கண்ணாடியில் பார்க்கும் மூக்கு, தனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்றார். பின்னே ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "கண்ணு கிடையாது, வாய் கிடையாது. குழம்பு தேங்கி நிக்கிறதுல என் மூஞ்சி தெரிஞ்சா அது உருவம் வரஞ்சதா ஆயிருமா? அதுல என்ன இருக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் அப்படிப் பயந்து நின்னீங்க. கதை வேற நல்லா இருந்துச்சு. சரி, சொல்லி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

குழம்பு என்றுதான் சொன்னார். அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. முகமும் தெரிந்தது, குழம்பும் தெரிந்தது, நான் பொய் சொன்னதும் தெரிந்தது. தேவையே இல்லாத ஒரு பொய்க்காக நான் குழம்பு அண்ணனை அப்படி ஆக்கியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கல்லாவைத் தாண்டி நேராகக் குழம்புப் பக்கம் போனேன். கூட்டம் இருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தட்டை நீட்டாமல், "அண்ணே, அது உங்க குவாதான். முதல் கட்டத்துலேருந்து கடைசி வரைக்கும். அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஆள் சீக்கிரம்லா என்றார்.

குழம்பு அண்ணன் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தார். "தெரியும்க்கா. மொதல்ல ரெண்டு நாளு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அப்புறம் திரும்பப் போய்ப் பாத்தேன். குவாதான்." சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா கீழ் வரிசை மொதக் கட்டம் தப்பு. மீனுக்கு மேல கறியை விட்டிருக்கீங்க. மீனை ஊத்தினதுக்கு அப்புறம் நான் எதையும் ஊத்த மாட்டேன். புளிப்பு ஏறி எல்லாம் கெட்டுப்போயிரும். அன்னிக்கே சொல்ல வந்தேன்."

அவர் சொன்னது சரி. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மீனின் சிவப்புக்கு மேல் கறியின் நிறம் வந்தால் அழகாக இருக்குமே என்று, பார்த்ததை விட்டுவிட்டு அழகுக்காக மாற்றிப் போட்டேன். நாற்பது கட்டத்தில் நான் ஏமாற்றிய ஒரே கட்டம் அது. அதன் முன்னால்தான் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். திருத்தித் தருகிறேன் என்று ஜமாலிடம் கேட்டுப் பார்த்தேன். தாத்தா இறங்கின இடத்தில் கைவைக்காதீங்கக்கா என்று சொல்லிவிட்டார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு நான் எழுதித்தரும் அனுபவம் இவ்வளவுதான். எப்படி வரைவது என்பது உங்களுக்கே தெரியும். யாராவது உங்கள் கட்டத்துக்கு முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றால், இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு நாள் அந்தக் கடைக்குப் போங்கள். அட்டையைப் படிக்காதீர்கள். தட்டை நீட்டும்போது நான் அனுப்பியதாகச் சொன்னால் போதும், என்ன வேண்டும் என்று அவர் கேட்கமாட்டார். என்னையும் இப்போது கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டு, கீழ் வரிசையின் முதல் கட்டத்தைப் பாருங்கள். மீன் முன்னாலேயே விழுந்திருக்கும். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. அதை வாங்கிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சோப்புக்காரரிடம் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னேன்.